வாளை உறையில் போடுங்கள்

அன்புள்ள சார்,

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா விளையாட்டுகளை முதலிலிருந்து மறுபடி ஆட ஆரம்பித்திருக்கிறேன். 1989இல் வந்த முதல் ஆட்டத்தில் ஐந்தாம் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை, மீதியை யூடியூபில் பார்த்து முடித்துவிட்டேன். 2003இல் வந்த சாண்ட்ஸ் ஆஃப் டைம் இன்றைக்கும் அழகு. நாற்பது வயதில் இதெல்லாம் தேவையா என்கிறாள் மனைவி. வீடியோ கேமைக் கலை என்று சொல்லலாமா? இந்த வரிசையில் எதை விட்டுவிடலாம்?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

உங்கள் மனைவிக்கு நான் பதில் சொல்ல முடியாது, அது உங்கள் வீட்டு விவகாரம். கலையா இல்லையா என்ற கேள்வி எனக்கு அலுத்துவிட்டது. 2004இன் வாரியர் விதினை விட்டுவிடலாம். இளவரசனுக்கு எதற்கெடுத்தாலும் எரிச்சல், பின்னணியில் கிதார் இரைச்சல்.

ஆனால் யூடியூபில் பார்த்து முடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். நான்காம் கட்டத்தில் கண்ணாடிக்குள் பாய்ந்தபோது உங்களிடமிருந்து ஒரு நிழல் பிரிந்து ஓடியது. ஐந்தாம் கட்டத்தில் நீங்கள் குடிக்கவேண்டிய மருந்தை அது குடித்துவிட்டுப் போனது. அவன் யார் என்று கேட்காமல் எப்படி எழுந்து போனீர்கள்?

அந்த நிழல் பிறந்ததே இடமில்லாமல்தான். அந்த முதல் ஆட்டத்தை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பி டேவிட்டை ஓடவும் தாவவும் வைத்து வீடியோ எடுத்து, அதைச் சட்டகம் சட்டகமாகப் பார்த்து இளவரசனின் அசைவுகளை அமைத்தார். அந்த அசைவுகளே ஆப்பிள் டூ கணினியின் நினைவகத்தை விழுங்கிவிட்டன. எதிரி வேண்டும், சண்டை வேண்டும் என்று தோழி டோமி பியர்ஸ் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். புதிதாக ஓர் ஆளை வரைய இடமே இல்லை. அதனால் மெக்னர் இளவரசனின் படத்தையே ஒரு பிட் தள்ளி, அதன் மேலேயே எக்ஸ்-ஆர் செய்தார், அதாவது இரண்டு படமும் வேறுபடும் புள்ளிகள் மட்டும் மிஞ்சும்படி வைத்தார். மினுமினுக்கும் ஓர் உருவம் கிடைத்தது. தனியாக வரைந்த வில்லனாக இருந்திருந்தால் இத்தனை வருடம் கழித்து நான் இதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

தொண்ணூறுகளில் எங்கள் ஊர் கம்ப்யூட்டர் சென்டரில் டாஸ் வகுப்பு முடிந்ததும் ஒருவன் ஆடுவான், மற்றவர்கள் நாற்காலிக்குப் பின்னால் நிற்போம். முழு ஆட்டத்துக்கும் அறுபது நிமிடக் கெடு. செத்தால் அந்தக் கட்டத்தை முதலிலிருந்து ஆடவேண்டும், ஆனால் போன நிமிடம் போனதுதான். பன்னிரண்டாம் கட்டத்தில் அந்த நிழல் வாளோடு எதிரே வந்து நின்றது. "குத்துடா குத்துடா" என்று எல்லோரும் கத்தினோம். ஷிஃப்டைத் தட்டிக் குத்தினால் நம் உயிரைக் காட்டும் சிவப்பு முக்கோணம் ஒன்று குறைந்தது. மறுபடி குத்தினால் இன்னொன்று. அதைக் கொன்றால் நாமும் சரிந்தோம். மிஷினில் கோளாறு என்றுகூட ஒருவன் சொன்னான்.

பல நாள் கழித்து, அதிகம் பேசாத ஒரு பையன் கீழ் அம்புக்குறியை அழுத்தினான். இளவரசன் வாளை உறையில் போட்டான். நிழலும் போட்டது. இருவரும் எதிரெதிரே ஓடி ஒன்றானார்கள். அதற்கப்புறம் வெறும் பள்ளத்தின் மேல் காலை வைத்தால் காலடியில் தரை முளைத்தது. சென்டரில் ஒருத்தரும் பேசவில்லை. அப்புறம் பயங்கரக் கூச்சல், சார் வந்து எல்லோரையும் விரட்டினார்.

இதைத்தான் நீங்கள் வேறு யாரோ ஒருவன் விரலில் பார்த்திருக்கிறீர்கள். பன்னிரண்டு கட்டமும் குத்திக் குத்திப் பழகிய கை, அங்கே வந்து சும்மா இருக்கவேண்டும். பார்க்கிறவனுக்கு அந்தப் பழக்கம் எப்படி வரும்?

நீங்கள் புகழ்ந்த சாண்ட்ஸ் ஆஃப் டைமில் காலத்தைப் பின்னால் ஓட்டலாமே என்பீர்கள். சரி, ஆனால் அங்கேயும் காலத்தை ஓட்ட மணல் வேண்டும், அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். இளவரசன் ஃபாரா என்ற பெண்ணுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறான், நாம் செத்தால் 'இல்லையில்லை, அப்படி நடக்கவில்லை' என்று திருத்திக்கொள்கிறான். கடைசியில் எல்லாம் பின்னால் ஓடிய பிறகு, கூடவே சண்டை போட்ட அந்தப் பெண்ணுக்கு அவன் யாரென்றே தெரியவில்லை. அது உங்களை வருத்தியது என்றால், நீங்களே ஆடியதால்தான் வருத்தியது.

முடிவு தெரிந்துபோனதை இனி ஒன்றும் செய்ய முடியாது. பரவாயில்லை, நடுவில் கிடப்பது நிறைய. ஐந்திலிருந்து தொடங்காதீர்கள், முதல் கட்டத்திலிருந்தே வாருங்கள். ஆட்டத்தைத் திறக்கும்போது மெகாஹிட் என்ற ரகசியச் சொல்லைத் தட்டித் திருட்டு வழியில் போகக்கூடாது. முடித்ததும் எத்தனை நிமிடம் மிச்சம் இருந்தது என்று எழுதுங்கள்.