குளிசையைக் கூட்டுவதற்கு முன்

கேள்வி: டொக்டர், எனக்கு 38 வயது, எடை 48 கிலோ. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் தைரொய்ட் குறைவு, உடம்பே சுரப்பியைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோய் என்று சொல்லி, குறைந்த ஹோர்மோனுக்குப் பதிலாகத் தைரொக்சின் குளிசை 50 மைக்ரோகிராமில் தொடங்கினார்கள். அப்புறம் 75, 100, இப்போது 125. போன மாதமும் டீ.எஸ்.எச். 14 என்றுதான் வந்தது. இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்துக் குளிசையும் தருகிறார்கள். காலையில் ஐந்தரைக்கு எழும்பி, ரொட்டி சுட்டு, சாப்பிட்டு, பால் தேத்தண்ணியோடு எல்லாக் குளிசையையும் ஒரேயடியாகப் போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விடுவேன். முடி கொட்டுகிறது, பகல் சாப்பாட்டுக்கு முன்னமே உடம்பு ஓய்ந்துவிடுகிறது. இன்னும் ஒரு குளிசை சேர்த்துப் போடு என்கிறாள் அக்கா. போடலாமா?

பதில்: போடாதீர்கள், தங்கச்சி. உங்கள் கடிதத்தில் "ஒரேயடியாக" என்று எழுதியிருக்கிறீர்களே, நான் அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன்.

டீ.எஸ்.எச். என்பது தைரொய்ட் சுரப்பியை வேலை செய்யச் சொல்லி மூளையடியிலிருந்து வரும் ஹோர்மோன், தைரொய்ட் குறைந்தால் அது ஏறும். இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். தைரொய்ட் சுரப்பி ஏறக்குறைய முழுதாக வேலையை நிறுத்திவிட்ட ஒருவருக்கே ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.6 மைக்ரோகிராம் தைரொக்சின் போதும். உங்கள் 48 கிலோவுக்கு அது 77 வரும். நீங்கள் போடுவதோ 125, அப்படியும் டீ.எஸ்.எச். 4க்குக் கீழே இறங்காமல் 14இல் நிற்கிறது என்றால் மருந்து குறைவு என்று நினைப்பதற்கு முன்னால் அது உடம்பில் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். இரும்பு குடலுக்குள் தைரொக்சினைப் பிடித்துக் கட்டிக்கொள்ளும், கட்டியது இரத்தத்தில் சேராமல் மலத்தோடு வெளியே போய்விடும். பாலில் இருக்கும் கல்சியமும் இதே வேலையைச் செய்யும். ரொட்டியால் வயிறு நிறைந்திருப்பதும் ஒரு தடை. இந்த மூன்றும் தினமும் உங்கள் குளிசையோடு சேர்ந்தே உள்ளே போகின்றன.

ஆகவே நாளையிலிருந்து இப்படிச் செய்யுங்கள். எழும்பியவுடன், அடுப்பு மூட்டுவதற்கும் முன்னால், தைரொக்சினை மட்டும் ஒரு கோப்பைத் தண்ணீரோடு விழுங்குங்கள். அதன்பிறகு ரொட்டிக்கு மாவைப் பிசைந்து, சுட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி நீங்கள் சாப்பிட உட்காரும்போது அரை மணி நேரமாவது போயிருக்கும், ஒரு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. பால் தேத்தண்ணியும் அதற்குப் பிறகுதான். இரும்புக் குளிசைக்குக் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், அதைப் பகல் சாப்பாட்டுக்குத் தள்ளிவிடுங்கள். அதையும் தேத்தண்ணியோடு போட வேண்டாம், தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. நாம் மலையில் இருப்பவர்கள், ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை குடிக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள், இரத்தம் ஏறாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். காலையில் ஒன்றும் சரிவராது என்கிறவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது தைரொக்சினைப் போடலாம், அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது.

ஆனால் ஒன்று, இதைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்லிவிடுங்கள். இதுவரை பாதி வீணாகிக்கொண்டிருந்த 125 இனிமேல் முழுதாக உள்ளே போனால் உங்கள் உடம்புக்கு அது அதிகமாகிவிடலாம். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கம் வராமை, காரணமில்லாத வியர்வை, இதில் ஏதாவது வந்தால் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். இல்லையென்றால் ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி டீ.எஸ்.எச். பார்க்கலாம். அதற்கு முன் பார்ப்பதில் பயனில்லை. இந்த மருந்து பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் எடுக்கும், உடம்பு புது அளவுக்குப் பழகி நிலைக்கு வர ஆறு வாரமாவது ஆகும். முடி கொட்டுகிறதே என்று யாராவது பயோட்டின் என்ற விற்றமின் குளிசை வாங்கித் தந்திருந்தால் இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், அது ரிப்போர்ட்டைப் பொய்யாகக் காட்டும். கேஸ்ட்ரைட்டிஸுக்கு ஒமிப்ரசோல் போடுவதாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், அதனாலும் தைரொக்சின் சேர்வது குறையலாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். குளிசையை எங்கே வைக்கிறீர்கள்? அக்கரப்பத்தனைப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா கடதாசி உறையோடு என் மேசையில் வைத்தார், அடுப்புக்கு மேலே தட்டில் வைத்திருந்தாராம். உறை புகை படிந்து பழுப்பாகியிருந்தது, குளிசையைத் தொட்டால் மாவாக விரலில் ஒட்டியது. தைரொக்சினுக்குச் சூடும் ஈரமும் வெளிச்சமும் ஆகாது. லயத்துக் காம்பராவில் மழைக் காலத்து ஈரம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். இறுக்கமாக மூடும் சின்ன டப்பாவில் போட்டு, அடுப்பிலிருந்து தள்ளி, உடுப்புப் பெட்டிக்குள் வையுங்கள்.

களைப்பு முழுவதும் தைரொய்டால் வந்தது என்றும் சொல்ல முடியாது. தைரொய்ட் குறைந்தால் மாதவிடாய் அதிகமாகப் போகும், அதனால் இரத்தம் குறையும், இரத்தம் குறைந்தாலும் முடி கொட்டும், கால் ஓயும். இரண்டும் சேர்ந்துதான் சரியாக வேண்டும், இரண்டு மூன்று மாதமாவது பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் பண்டாரவளையில் ஆசிரியை. ஹஷிமோட்டோவுக்கு தைரொக்சின் 75 போடுகிறேன். இப்போது ஏழு வாரக் கர்ப்பம். பிள்ளைக்குக் கூடாது, குளிசையை நிறுத்து என்று மாமி சொல்கிறார்.

பதில்: நிறுத்தவே வேண்டாம். மாமியிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்: முதல் மூன்று மாதம் பிள்ளைக்குச் சொந்தமாகத் தைரொய்ட் ஹோர்மோன் இல்லை, அம்மாவிடமிருந்து போவதில்தான் மூளை வளர்கிறது. இந்தக் காலத்தில் உங்களுக்கு மருந்து குறையத் தேவையில்லை, கூடத்தான் தேவைப்படும். பெரும்பாலும் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை கூட்டுவார்கள், அதாவது வாரத்துக்கு ஏழு குளிசை போட்டவர் ஒன்பது போடுவதுபோல. அடுத்த மாதத் திகதிக்கு இருக்காமல் இந்த வாரமே போங்கள், டீ.எஸ்.எச். 2.5க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்து அளவைச் சொல்வார்கள். அப்புறம் கர்ப்பத்தின் பாதிக்காலம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்க்க வேண்டும். மிட்வைஃப் தரும் இரும்பு, கல்சியம் இரண்டுக்கும் மேலே சொன்ன நான்கு மணி நேரக் கணக்குத்தான். பிள்ளை பிறந்த பிறகு பழைய அளவுக்குத் திரும்பி, ஆறு வாரத்தில் மறுபடி பாருங்கள்.

கேள்வி: தலவாக்கலையில் இருக்கும் என் அம்மாவுக்கு 67 வயது, ஹஷிமோட்டோவுக்கு தைரொக்சின் போடுகிறார், இதய வருத்தமும் உண்டு. டீ.எஸ்.எச். இப்போது 3. நோர்மல்தானே, குளிசையை நிறுத்தலாமா? கோவா, சோயா சாப்பிடக் கூடாதாமே?

பதில்: 3 என்று வந்தது குளிசை போடுவதால்தான், நிறுத்தினால் சில வாரங்களில் மறுபடி ஏறிவிடும். ஹஷிமோட்டோ என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குகிற நோய், ஹஷிமோட்டோ ஹக்காரு என்ற ஜப்பானிய வைத்தியர் 1912இல் எழுதிய நோய். சேதமான சுரப்பி பெரும்பாலும் திரும்ப எழும்பாது. உங்கள் அம்மாவுக்கு 25இல் தொடங்கி மெதுவாகக் கூட்டியிருப்பார்கள், இதய வருத்தக்காரருக்கு அதுதான் முறை, ஒரேயடியாகக் கூட்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஒரு நாள் மறந்துவிட்டால் அன்றைக்கே ஞாபகம் வரும்போது போடட்டும், மறுநாள்தான் ஞாபகம் வந்தால் விட்டுவிடட்டும், ஒரு நாள் தவறியதால் ஒன்றும் ஆகாது. கோவாவைச் சமைத்துச் சாப்பிடலாம், தினமும் பச்சையாகக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டால்தான் யோசிக்க வேண்டும். சோயா மீட் சமைக்கும் நாளில் அதைப் பகலுக்கோ இரவுக்கோ வைத்துக்கொள்ளுங்கள், காலைக் குளிசைக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.