புழுக்கையில் சோற்றுப் பருக்கை: குட்டிகளுக்கு எந்தப் புழு மருந்து?

கேள்வி: என்னிடம் 22 வெள்ளாடுகள் இருக்கின்றன. அதில் மூன்று, நான்கு மாதக் குட்டிகள் ஒன்பது. ஐப்பசி மழைக்குப் பிறகு குட்டிகளின் புழுக்கையில் சோற்றுப் பருக்கை போல வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒரு குட்டிக்கு ஆசனவாயில் நாடா போலத் தொங்கியது, இழுத்துப் போட்டேன். ஐவர்மெக்டின் ஊசி இரண்டு முறை போட்டும் நிற்கவில்லை. குட்டிகள் மெலிகின்றன. கொட்டைப்பாக்கை இடித்துக் கொடு, மயில்துத்தம் கரைத்து ஊற்று என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். ஊற்றலாமா? வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது ஒட்டுமா?
(ஒரு வாசகி, அருப்புக்கோட்டை வட்டம்)

பதில்: பிள்ளைகளைப் பற்றிய பயத்தை முதலில் விடுங்கள் அம்மா. ஆட்டுக்குட்டியின் குடலில் இருக்கும் இந்த நாடாப்புழு மனிதர்களுக்கு ஒட்டாது. மொனீசியா என்று பெயர். புழுக்கையோடு விழும் பருக்கைக்குள் முட்டைகள் இருக்கும். ஈர மண்ணில் வாழும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு சிற்றுண்ணி அந்த முட்டையைத் தின்னும். புல்லோடு சேர்த்து அந்த உண்ணியைக் குட்டி மேய்ந்தால்தான் புழு உள்ளே போகும். போனதிலிருந்து ஐந்து, ஆறு வாரத்தில் பருக்கை வெளியே வர ஆரம்பிக்கும். மழை விட்ட பிறகு நீங்கள் பார்த்ததற்கு இதுதான் காரணம்.

ஐவர்மெக்டின் கெட்ட மருந்து இல்லை. உருண்டைப்புழுவுக்கும் பேனுக்கும் சொறிக்கும் நன்றாகக் கேட்கும். ஆனால் நாடாப்புழுவை அது ஒன்றும் செய்யாது. இரண்டு முறை இல்லை, பத்து முறை போட்டாலும் பருக்கை வந்துகொண்டேதான் இருக்கும். லெவாமிசோல் என்ற புழு மருந்தும் அப்படியே. தொங்கியதை இழுத்ததும் வேண்டாத வேலை. நாடா அறுந்து வரும், தலை குடலில் கவ்விக்கொண்டு நிற்கும், தலை இருந்தால் மறுபடி வளர்ந்துவிடும்.

இதற்குச் சரியான மருந்து பிராசிகுவான்டல். வெள்ளாட்டுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் ஒரே வேளை. கடையில் பெரும்பாலும் வேறொரு புழு மருந்தோடு சேர்த்தே கிடைக்கும், அதனால் பாட்டிலில் எது எவ்வளவு இருக்கிறது என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். நிக்லோசமைடும் நன்றாகக் கேட்கும். ஆல்பென்டசோல் எல்லாக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் உருண்டைப்புழுவுக்குக் கொடுக்கும் அளவு இதற்குப் பத்தாது, கிலோவுக்கு 10 மில்லிகிராம் வேண்டும். 2.5 சத மருந்தில் ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் இருக்கும். எட்டுக் கிலோக் குட்டிக்கு 3.2 மில்லி என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதே பாட்டிலைத் தாய் ஆடுகளுக்கும் ஊற்றிவிடாதீர்கள். சினையின் தொடக்கக் காலத்தில் ஆல்பென்டசோல் கொடுத்தால் கரு கெடக்கூடும்.

எடையைக் கண்ணால் மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம். குட்டியைக் கோணிப்பையில் கழுத்து மட்டும் வெளியே தெரிய உட்காரவைத்து, தொங்கு தராசில் மாட்டிப் பாருங்கள். ஐந்து கிலோ என்று நினைத்த குட்டி எட்டு நிற்கும். குறைத்துக் கொடுத்த மருந்தில் சாகாமல் தப்பும் புழுதான் பிறகு அந்த மருந்துக்கு அசையாத புழுவாகிறது. ஊற்றும்போது தலையை வானம் பார்க்கத் தூக்காதீர்கள். வாய் கண் மட்டத்துக்கு மேல் போகாமல் பிடித்து, கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மருந்து மூச்சுக்குழாய்க்குள் போனால் புழுவில் பிழைத்த குட்டி சளியில் செத்துப்போகும்.

இப்போது பாக்குக்கும் துத்தத்துக்கும் வருகிறேன். இரண்டும் கட்டுக்கதை இல்லை. நல்ல மருந்துகள் வருவதற்கு முன்பு கால்நடை மருத்துவர்களே மயில்துத்தக் கரைசலை நாடாப்புழுவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பாக்கில் இருக்கும் அரிகோலின் என்ற சத்தை நாய்களுக்குக் கொடுத்து நாடாப்புழுவை வெளியேற்றியதும் உண்டு. ஆனால் இவற்றில் மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகக் குறைவு. மூன்று மாதக் குட்டி ஒன்றை வாயில் நுரையும் எச்சிலும் வழிய, மூச்சு இழுத்துக்கொண்டு, தூக்கிவந்ததைப் பார்த்திருக்கிறேன். எத்தனை பாக்கு என்று கேட்டால் ‘ஒரு கைப்பிடி’ என்றார்கள். ஏற்கெனவே கழிந்து வாடிப்போன குட்டிக்கு அது தாங்காது. துத்தம் கூடினால் குடலும் ஈரலும் வெந்துவிடும். செம்மறியாடு இருக்கும் பட்டியில் அதை நினைத்தே பார்க்கக் கூடாது, அதன் ஈரல் துத்தத்தில் உள்ள செம்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இரண்டையும் ஊற்றாதீர்கள் அம்மா.

மற்ற கைமருந்துகளை அப்படி ஒதுக்க மாட்டேன். பரங்கி விதையில் நாடாப்புழுவை மயக்கும் சத்து உண்டு. வாய்விடங்கமும் பலாச விதையும் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாகப் புழுவுக்குக் கொடுத்து வருபவை. வேப்பிலை, தும்பை, பாகற்காய், பூண்டு, சீரகம், கடுகு, மஞ்சள் எல்லாம் அரைத்து வெல்லத்தில் உருட்டிக் கொடுக்கும் முறையும் இருக்கிறது. உருண்டை பிடித்துக் கொடுப்பதை நான் தடுக்கவில்லை, பசி எடுக்கவும் செரிக்கவும் உதவும். ஆனால் ஒரு குட்டியின் குடலில் ஒரு கஜத்துக்கு மேல் நீண்டு கிடக்கும் நாடாவை இவை தலையோடு கழற்றிவிடும் என்று நம்பி நாளைக் கடத்தாதீர்கள். முதலில் மருந்து கொடுத்துவிட்டு, அப்புறம் உருண்டை கொடுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது ‘மெலிகின்றன’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். நாடாப்புழு கண்ணுக்குத் தெரிவதால் பழி எல்லாம் அதன் மேல் விழுகிறது. உண்மையில் நிறையச் சேர்ந்தால்தான் அது குட்டியை இளைக்கவைக்கும், வயதாக ஆக ஆடே எதிர்ப்புப் பெற்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று இரைப்பையில் ஒட்டி ரத்தம் குடிக்கும் உருண்டைப்புழு, மற்றது ரத்தக் கழிச்சல் கிருமி. நாளைக் காலையில் ஒவ்வொரு குட்டியின் கீழ் இமையையும் பிதுக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தாலோ, தாடைக்குக் கீழே பை போல நீர் கோத்திருந்தாலோ அது ரத்தம் குடிக்கும் புழுவின் வேலை, பிராசிகுவான்டல் அதற்குக் கேட்காது. அதனால் மருந்து வாங்கும் முன்பே நாலைந்து குட்டிகளின் புதுப் புழுக்கையைத் தனித்தனி பாலித்தீன் பையில் எடுத்துக்கொண்டு, வெயிலில் காயவிடாமல், அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். மருந்து கொடுத்து இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை காட்டுங்கள்.

மேய்ச்சலில் ஒரு மாற்றம் போதும். அந்தச் சிற்றுண்ணி பனி ஈரத்திலும் மங்கிய வெளிச்சத்திலும் புல் நுனிக்கு ஏறும், வெயில் ஏறினால் மண்ணுக்குள் இறங்கிவிடும். பனி காய்ந்த பிறகு குட்டிகளை அவிழ்த்து, பொழுது சாயும் முன் பட்டிக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நிலத்தை ஒரு மாதம் காயப்போட்டால் போய்விடும் என்பார்கள், போகாது, உண்ணி ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். காலை வேளைக்கு அகத்தியும் சூபாபுல் தழையும் ஒடித்து உயரத்தில் கட்டிவிடுங்கள். தலை நிமிர்ந்து தின்னும் தழையில் புழு வராது.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? பட்டியில் நாய் இருந்தால் அங்கேதான் கவனம் வேண்டும். நாயின் குடலில் வேறு சில நாடாப்புழுக்கள் வாழும். அவற்றில் ஒரு வகையின் முட்டை ஆட்டுக்குள் போனால் மூளையில் நீர்க்கட்டி வைத்து ஆடு சுற்றிச் சுற்றி வரும். இன்னொரு வகை மனிதர்களின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வைக்கும். நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிராசிகுவான்டல் உள்ள மாத்திரை கொடுங்கள். ஆடு அறுத்த குடல், ஈரல், தலையைப் பச்சையாகப் போடாதீர்கள். நாயைத் தடவிய கையோடு பிள்ளைகள் சோற்றில் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.