நிலத்தை அடமானம் வைக்கும் முன்

அன்புள்ள ஐயா,

ஆறு மா நிலத்தை அடமானம் வைத்து, உங்கள் சென்னை மைத்துனர் சொல்கிறபடி நிர்வாக ஒதுக்கீட்டில் மகளைக் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பதற்றப்படாதீர்கள், இன்னும் நேரமிருக்கிறது என்று ஆறுதலாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கடன் தொகையை மறுபடி பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. வேண்டாம் ஐயா. மைத்துனர் யோசனை சொல்வார். வட்டி கட்டப்போவது நீங்கள்.

மன்னார்குடி உரக்கடையில் பாப்பா செய்ததைப் போகிறபோக்கில் சொன்னீர்கள். எனக்கு அதுதான் முக்கியம். குறுவை நேரத்தில் மருந்து வாங்க வருகிறவர்களுக்கு டப்பாவின் பொடி எழுத்து தெரியவில்லை. "டேங்குக்கு எத்தனை மூடி?" என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததைக் கவனித்து, தெளிப்பானையும் மூடிகளையும் படம் வரைந்து சீட்டாகக் கொடுத்திருக்கிறாள். அதற்காகவே பக்கத்து ஊர்க்காரர்கள் வருகிறார்களாம். மருந்தும் அதே, விலையும் அதே. கூடியது வியாபாரம். இந்த வேலைக்குத்தான் பெரிய நிறுவனங்கள் டிசைனர்களை எடுக்கின்றன. டிசைன் என்றால் துணி, லோகோ என்று மைத்துனர் நினைக்கலாம்.

அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்தில் ஸ்கேன் கருவிகளை வடிவமைத்தவர் டக் டயட்ஸ். தன் எம்ஆர்ஐ கருவியைப் பார்த்து ஒரு சிறுமி அழுததை ஆஸ்பத்திரியில் நேரில் கண்டார். பயத்தில் அசையும் குழந்தைகளுக்கு மயக்கமருந்து கொடுத்துத்தான் படம் எடுக்க வேண்டியிருந்தது. அவர் கருவியின் உள்ளே கைவைக்கவில்லை. அறையைக் கடற்கொள்ளையர் கப்பலாக மாற்றி, படம் எடுப்பவர்களுக்குக் கதையும் சொல்லிக்கொடுத்தார். மயக்கமருந்தின் தேவை குறைந்தது. ஒரே நாளில் அதிகக் குழந்தைகளைப் பார்க்க முடிந்தது. ஆஸ்பத்திரிக்கு அது வருமானக் கணக்கு. பயணிகளுக்கு வீடுகளை வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் இருவர் டிசைன் கல்லூரியில் படித்தவர்கள்.

பாப்பாவுக்கு ஏற்ற படிப்பு பி.டெஸ்., அதாவது டிசைன் பட்டப்படிப்பு, நான்கு ஆண்டு. 1961இல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய டிசைன் கல்லூரியான என்ஐடிக்குத் தனித் தேர்வு. மும்பை, குவாஹாத்தி, ஹைதராபாத் ஐஐடிகளில் டிசைன் படிக்க யூசீட் என்ற நுழைவுத் தேர்வு. அதை மும்பை ஐஐடி நடத்துகிறது. பிளஸ் டூவில் எந்தப் பாடப்பிரிவு என்றாலும் எழுதலாம். இயற்பியல், வேதியியல் வினாக்கள் கிடையாது. கூர்ந்து கவனிக்கும் திறன், தர்க்கம், கையால் வரையும் ஒரு பகுதி. வழக்கமாக அக்டோபர் வாக்கில் விண்ணப்பம், ஜனவரியில் தேர்வு. ஐஐடியில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணச் சலுகையும் உண்டு.

இடம் கிடைக்காவிட்டால் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. பஸ்ஸில் போய்வரலாம். அங்கே படித்துவிட்டு டிசைன் மேல்படிப்பில் சேர 'சீட்' (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுதட்டும்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பளபளப்பான விளம்பரம் கொடுக்கும் தனியார் டிசைன் கல்லூரிக்கென்று நிலத்தை வைத்தாலும் என் பதில் இதேதான்.

கோடிங் பிடிக்கிறதா என்று பாப்பாவிடம் நான் கேட்டபோது உங்களைத்தான் திரும்பிப் பார்த்தாள். அடுத்த முறை அவளைத் தனியாக அனுப்புங்கள், வரைந்த நோட்டுகளோடு.