வண்டி உயர்ந்தது, சொகுசு போச்சு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சார், என்னோடது லேடர் ஃப்ரேம் ஃபோர் வீல் டிரைவ். முன்னாடி இன்டிபென்டன்ட் காயில், பின்னாடி பட்டை அடுக்கின லீஃப் ஸ்ப்ரிங். போன வருஷம் வண்டியை ரெண்டு இன்ச் உயர்த்தற லிஃப்ட் கிட் போட்டேன், ஹெவி டியூட்டி ஸ்ப்ரிங், கூடவே 10 ப்ளை (அதிக சுமை தாங்கற கனமான) ஆல் டெரெய்ன் டயர். பார்க்க கம்பீரமா இருக்கு, ஆனா சின்ன பள்ளத்துல இறங்கினாலே முதுகுத்தண்டு வரைக்கும் அடிக்குது. பின் சீட்ல உட்கார்ந்து வந்த அப்பா, இனிமே இந்த வண்டியில ஏற மாட்டேன்னுட்டார். மெக்கானிக் ஷாக் அப்சார்பரை மாத்துங்கறார், நண்பர் ஸ்ப்ரிங்கை மாத்துங்கறார். எதை முதல்ல மாத்தறது?

பதில்: இப்போதைக்கு எதையும் மாத்தாதீங்க. அப்பா ஏற மாட்டேன்னுட்டார்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சதும் மத்த கேள்விகளைச் சுருக்கிட்டு இதுக்கே இடம் ஒதுக்கணும்னு தோணிச்சு. லிஃப்ட் போட்ட வண்டின்னா அடிக்கத்தான் செய்யும் பழகிக்கோங்கன்னு நிறைய பேர் சொல்லிடறாங்க, நான் அதை ஒத்துக்கவே மாட்டேன். ரெண்டு இன்ச்சுக்கெல்லாம் வண்டி இப்படி தூக்கிப் போடக்கூடாது. போடுதுன்னா சக்கரம் மேலயும் கீழயும் தாராளமா போய்ட்டு வர்றதுக்கு எங்கயோ தடை இருக்குன்னு அர்த்தம், அந்தத் தடை எங்கன்னு தெரியாம பார்ட்ஸ் வாங்கினா காசும் போகும் அடியும் போகாது.

டயர்ல இருந்து ஆரம்பிங்க, ஏன்னா அதுக்கு செலவே கிடையாது. 10 ப்ளை டயரோட பக்கச்சுவர் பழைய கார் டயரை விட ரொம்ப விறைப்பு. அதுல 80 பிஎஸ்ஐ வரைக்கும்னு ஒரு எண் அச்சடிச்சிருக்கும், அது அந்த டயர் அதிகபட்ச சுமையைத் தாங்க வேண்டிய நேரத்துக்கான காத்து, உங்க வண்டிக்குச் சொன்னது இல்ல. ஆனா காத்து அடிக்கிற இடத்துல பெரிய டயரைப் பார்த்ததும் 45, 50ன்னு ஏத்தி விட்டுடறாங்க. கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல கம்பெனி போட்ட டயருக்கு எவ்வளவுன்னு இருக்கும், அதுல இருந்து ஆரம்பிச்சு, புது டயரோட சுமை அட்டவணை அந்தக் காத்துக்கு உங்க வண்டி எடையைத் தாங்கும்னு சொல்லுதான்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க, தாங்கலன்னா தாங்கற அளவுக்கு மட்டும் ஏத்துங்க. அதுக்கப்புறம் ஒரு கைக்கணக்கு இருக்கு. காலையில டயர் குளிர்ச்சியா இருக்கும்போது காத்தை அளந்து எழுதி வைங்க, தார் ரோட்டுல வழக்கமான வேகத்துல அரை மணி நேரம் ஓட்டிட்டு உடனே மறுபடி அளங்க. சுமார் 4 பிஎஸ்ஐ ஏறியிருந்தா சரி. அதை விட நிறைய ஏறியிருந்தா காத்து கம்மி, டயர் ரொம்ப வளைஞ்சு சூடாகுது. ஏறவே இல்லன்னா காத்து அதிகம், டயர் கல்லு மாதிரி உருளுது, பள்ளத்தோட அடியை அப்படியே உள்ளே அனுப்புது. இதுலயே பாதி அடி குறைஞ்சு போன வண்டிகளைப் பார்த்திருக்கேன்.

அடுத்தது புஷ், சஸ்பென்ஷன் இணைப்புகள்ல போல்ட் போற இடத்துல இருக்கிற ரப்பர் வளையம். இதைத்தான் யாருமே பார்க்கறதில்ல, நானும் ரொம்ப நாள் பார்க்கல. என் வண்டிக்கு லிஃப்ட் போட்ட இடத்துல வண்டியை ஒர்க்‌ஷாப் தூக்கு மேடையில ஏத்தி சக்கரமெல்லாம் தொங்கிட்டு இருக்கும்போதே எல்லா போல்ட்டையும் இறுக்கிட்டாங்க. ரப்பர் புஷ் எப்படி வேலை செய்யுதுன்னா, உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு இரும்புக் குழாய், நடுவுல ரப்பர் ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கினதும் உள் குழாய் அசையாம பிடிச்சுக்கும், சக்கரம் மேல கீழ போறதெல்லாம் அந்த ரப்பர் முறுக்கறதுலதான். சக்கரம் தொங்கும்போது இறுக்கினா, வண்டி தரையில நிக்கும்போதே ரப்பர் ஏற்கனவே முறுக்கிக்கிட்டு இருக்கும், அதுவே ஒரு கூடுதல் ஸ்ப்ரிங் மாதிரி எதிர்த்து நிக்கும், சீக்கிரம் கிழிஞ்சும் போகும். நான் மூணு மாசம் அப்படியே ஓட்டிட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை நாலு சக்கரமும் தரையில இருக்க, பின்னாடி ஸ்ப்ரிங்கோட முனை வளையத்துல இருக்கிற போல்ட்டோட நட்டை ரெண்டு சுத்து லூஸ் பண்ணினேன். டொக்குன்னு ஒரு சத்தம், வண்டியோட பின்பக்கம் என் கண்ணு முன்னாடியே ஒரு விரல் அளவு கீழ உட்கார்ந்தது. பம்பரைப் பிடிச்சு நாலு தடவை நல்லா அமுக்கி விட்டு, வண்டி தன் இடத்துல நின்னதுக்கப்புறம் கம்பெனி சொன்ன டார்க்குக்கு, அதாவது இறுக்கற விசை அளவுக்கு, இறுக்கினேன். மறுநாள் அதே ரோடு, வேற வண்டி. உங்களுக்கும் பின் சீட்லதான் அடின்னா நான் முதல்ல சந்தேகப்படறது இதைத்தான். முன்னாடி சக்கரத்தை ஃப்ரேமோட சேர்க்கற கண்ட்ரோல் ஆர்ம் புஷ்ஷுக்கும் இதே கதைதான். நட்டைக் கழட்டிட வேண்டாம், லூஸ் பண்ணினா போதும், சக்கரத்துக்கு முன்னாடி பின்னாடி கட்டை வைக்க மறக்காதீங்க.

அங்கே குனிஞ்சிருக்கும்போதே பின்னாடி ஷாக்கிளையும் பாருங்க, ஸ்ப்ரிங்கோட ஒரு முனையை ஃப்ரேமோட சேர்க்கற ரெண்டு தகடு. லீஃப் ஸ்ப்ரிங் அமுங்கும்போது நீளும், அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஷாக்கிள் ஆடுது. புது லிஃப்ட் ஸ்ப்ரிங் வில்லு மாதிரி நல்லா வளைஞ்சு இருக்கறதால நீளம் குறைஞ்சு ஷாக்கிளோட கீழ்ப்பக்கத்தை முன்னாடி இழுத்துடும். ஷாக்கிள் பின் முனையில இருக்கிற வண்டியில அதோட கீழ்ப்பக்கம் கொஞ்சம் பின்னாடி சாஞ்சு இருக்கணும். நேரா செங்குத்தா நின்னாலோ முன்னாடி சாஞ்சிருந்தாலோ, ஸ்ப்ரிங் நீள முடியாம முதல் அடியிலயே முட்டும். சரியான நீளத்துல ஷாக்கிள் மாத்தினா இது தீரும். புது ஸ்ப்ரிங் கொஞ்ச நாள் ஓடி உட்கார்ந்ததும் தானாவே சரியாகறதும் உண்டு, அதனால இதுக்கு அவசரப்படாதீங்க.

இதெல்லாம் பார்த்தும் அடி இருந்தா, அது எந்த மாதிரி அடின்னு காது கொடுத்துக் கேளுங்க. பள்ளத்துல சக்கரம் இறங்கும்போது டங்குன்னு இரும்பு சத்தம் வந்தா, ஷாக் முழுசா நீண்டு முட்டுதுன்னு அர்த்தம். லிஃப்ட் போட்டுட்டு பழைய ஷாக்கையே விட்டிருந்தா இப்படி ஆகும், ஏன்னா வண்டி ரெண்டு இன்ச் உயர்ந்ததுல ஷாக் ஏற்கனவே நீண்டு போய் நிக்குது, கீழ இறங்க மிச்சம் இருக்கிறது கொஞ்சம்தான். முன்னாடி காயிலுக்கு மேல ஸ்பேசர் கட்டை வெச்சு ஸ்ப்ரிங்கை அமுக்கி உயரம் ஏத்தியிருந்தாலும் இதே நிலைமை. மாறா வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது தும்முனு அடிச்சா, மேல போற இடம் தீர்ந்து முட்டுது. ஸ்ட்ரட்டோட (ஷாக்கும் காயிலும் ஒண்ணா சேர்ந்த பாகம்) தலையில ஸ்பேசர் வெச்ச வண்டியில, பம்ப் ஸ்டாப், அதாவது சக்கரம் ரொம்ப மேல போகாம தடுக்கற ரப்பர், தொடறதுக்கு முன்னாடியே ஷாக் உள்ளுக்குள்ள அமுங்கி முட்டலாம், அது ஷாக்கையே கெடுத்துடும். சந்தேகமா இருந்தா ஷாக்கோட பளபளப்பான தண்டு வெளியே தெரியற வண்டியில அதைச் சுத்தி ஒரு கேபிள் டையை லேசா இறுக்கி, ஷாக்கோட கீழ்ப்பக்க உருளையோட ஒட்ட கீழ தள்ளி வெச்சுட்டு வழக்கமான ரோட்டுல ஒரு சுத்து போய்ட்டு வாங்க. டை எவ்வளவு தூரம் நகர்ந்திருக்குன்னு பார்த்தா சக்கரம் எவ்வளவு மேல போச்சுன்னு கண்ணால தெரிஞ்சுடும். தண்டோட தலைக்கே போயிருந்தா முட்டுது. ஒரு இன்ச் கூட நகரலன்னா ஸ்ப்ரிங் அசையவே இல்ல, அப்பதான் ஸ்ப்ரிங் பேச்சு.

ஸ்ப்ரிங்னா எடை மேடைக்குப் போங்க. முன் சக்கரம் மட்டும் மேடையில வெச்சு ஒரு எடை, முழு வண்டியா ஒரு எடை, கழிச்சா பின்னாடி எவ்வளவுன்னு தெரியும். ஹெவி டியூட்டி ஸ்ப்ரிங்னு நீங்க வாங்கினது எப்பவுமே சில நூறு கிலோ கூடுதல் சுமை இருக்கும்னு நினைச்சு செஞ்சது. இரும்பு பம்பர், வின்ச், கூரை டென்ட், தண்ணி டேங்க்னு இருக்கிற வண்டிக்கு அது நல்ல ஸ்ப்ரிங். உங்க வண்டியில ஆளைத் தவிர ஒண்ணும் இல்லன்னா அந்த ஸ்ப்ரிங் அமுங்கறதுக்கு வேண்டிய எடையே அதுக்குக் கிடைக்கல. அதே பிராண்ட்ல காலி வண்டிக்கான ஸ்ப்ரிங் கிடைக்குதான்னு கேளுங்க, உயரம் அதேதான் இருக்கும், விறைப்பு குறையும்.

ஷாக்கை ஏன் கடைசியில வெச்சேன்னா, அது ஸ்ப்ரிங்கோட ஆட்டத்தை அடக்கற சாமான், ஸ்ப்ரிங்கும் புஷ்ஷும் தப்பா இருக்கும்போது அதை மாத்தினா வேற மாதிரி அடிக்கும், அவ்வளவுதான். எண்ணெய் ஒழுகினாலோ, நீளம் பத்தலன்னாலோ யோசிக்காம மாத்துங்க.

கேள்வி: என் ஜீப்புக்கு முன்னாடியும் பின்னாடியும் சாலிட் ஆக்சில் (ரெண்டு சக்கரத்தையும் சேர்க்கற ஒரே தண்டு), நாலும் காயில். நாலு இன்ச் லிஃப்ட். ஸ்ப்ரிங் மெதுவானதுதான், ஷாக்கும் புதுசு, காத்தும் கம்மி. ஆனா கூர்மையான மேட்டுல முன் சக்கரம் ஏறும்போது வண்டியை யாரோ முன்னாடி இருந்து தள்ளி விட்ட மாதிரி ஒரு அடி. ஏன்?

பதில்: தள்ளி விட்ட மாதிரின்னு சொன்னீங்க பாருங்க, அது அப்படியே உண்மை. ஆக்சிலை ஃப்ரேமோட சேர்க்கற கண்ட்ரோல் ஆர்ம் கம்பெனியில இருந்து வரும்போது கிட்டத்தட்ட தரைக்குப் படுக்கையா இருக்கும், அதனால ஆக்சில் மேல போகும்போது நேரா மேல போகும். நாலு இன்ச் தூக்கினதும் அதே குட்டை ஆர்ம் ஃப்ரேம்ல இருந்து ஆக்சில் பக்கம் சரிவா கீழ இறங்கி நிக்குது. இப்ப ஆக்சில் மேல போகணும்னா கூடவே முன்னாடியும் போயாகணும், ஆனா மேட்டுல இடிக்கிற சக்கரத்தை ரோடு பின்னாடி தள்ளுது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு எதிர்க்குது, அந்தச் சண்டை ஆர்ம் வழியா ஃப்ரேமுக்கு அப்படியே வந்துடுது, ஸ்ப்ரிங் எவ்வளவு மெதுவா இருந்தாலும் அதுக்கு அங்க வேலையே இல்ல. ஃப்ரேம் பக்கத்து முனையைக் கீழ இறக்கற டிராப் பிராக்கெட் போட்டாலோ, நீளமான ஆர்ம் போட்டாலோ சாய்வு குறையும். பிராக்கெட் கொஞ்சம் தரை இடைவெளியைத் தின்னும், பாறையில ஏத்தாதவங்களுக்கு அதுவே போதும். போட்டதும் வீல் அலைன்மென்ட்ல கேஸ்டர், அதாவது ஸ்டீரிங் அச்சோட முன் பின் சாய்வு, பார்க்கச் சொல்லுங்க, லிஃப்ட்ல அது குறைஞ்சு ஸ்டீரிங் அலையற வண்டிகள் நிறைய. புஷ்ஷை கெட்டியான பாலியூரித்தேனுக்கு மாத்தச் சொல்லி யாராவது சொன்னா இந்த ஆர்ம்ல வேண்டாம்னு சொல்லிடுங்க, இங்க ரப்பர்தான் நல்லது.

கேள்வி: அட்ஜஸ்டபிள் ஷாக் போட்டேன். ரீபவுண்டை முழுசா இறுக்கினா ஆட்டம் இல்லாம நல்லா இருக்கு, ஆனா அடுத்தடுத்து பள்ளம் வர்ற மண் ரோட்டுல போகப் போக அடி அதிகமாகுது. ஷாக் சூடாகி கெட்டுப்போகுதா?

பதில்: சூடானா ஷாக் தளர்ந்துதான் போகும், வண்டி அலை மேல போற மாதிரி மிதக்கும். உங்களுக்கு நடக்கறது வேற. ரீபவுண்டுன்னா அமுங்கின ஸ்ப்ரிங் திரும்ப விரியற வேகம். அதை இறுக்கிட்டீங்க, முதல் மேட்டுல அமுங்கின சக்கரம் முழுசா கீழ வர்றதுக்குள்ள ரெண்டாவது மேடு வந்துடுது, மூணாவது வரும்போது இன்னும் மேலயே நிக்குது, இப்படியே ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சமா உயரத்தை இழந்து கடைசியில பம்ப் ஸ்டாப் மேலயே ஓட்டிட்டு இருக்கீங்க. ரீபவுண்டை ரெண்டு ரெண்டு கிளிக்கா லூஸ் பண்ணி அதே ரோட்டுல அதே வேகத்துல ஓட்டிப் பாருங்க, ஒரு நேரத்துல ஒரு மாத்தம்தான், ஒவ்வொண்ணையும் எழுதி வைங்க. டயர் காத்தையும் மண் ரோட்டுக்குக் குறைச்சுக்கோங்க, வேகத்தையும் கூடவே குறைக்கணும், தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி ஏத்தணும்.

கேள்வி: பின்னாடி லீஃப்ல ஒரு பிளேட்டைக் கழட்டிட்டா மெதுவாகும்னு சொல்றாங்க. செய்யலாமா?

பதில்: மெதுவாகும், ஆனா சுமை தாங்கறதும் அதோடயே போகும், லிஃப்ட்ல கொஞ்ச உயரமும் போயிடும், கிளம்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஆக்சில் முறுக்கறதும் கூடும். அதுக்கு முன்னாடி கட்டைப் பிரிச்சு பிளேட்டுக்கு நடுவுல துரு இருக்கான்னு பாருங்க. லீஃப் ஸ்ப்ரிங் அமுங்கும்போது ஒரு பிளேட் இன்னொண்ணு மேல வழுக்கணும், துரு பிடிச்சா வழுக்காம ஒட்டிக்கிட்டு ஒரே தடிமன் கட்டை மாதிரி ஆயிடும். ஒயர் பிரஷ் போட்டுத் தேய்ச்சு, கிராஃபைட் கிரீஸ் தடவி, முனையில வைக்கிற பிளாஸ்டிக் பேடு தேஞ்சிருந்தா மாத்தி, திரும்பக் கட்டுங்க. ஸ்ப்ரிங்கை ஆக்சிலோட கட்டற யு போல்ட் புதுசு போடுங்க, பழசைத் திரும்ப இறுக்காதீங்க, சில நூறு கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி டார்க் பார்க்கணும். முக்கியமா, ஏற்கனவே குட்டையா ஒரு எக்ஸ்ட்ரா பிளேட் சொருகி லிஃப்ட் பண்ணியிருந்தா, கழட்ட வேண்டியது அது ஒண்ணுதான். அதை எடுத்துட்டு முழு கட்டா லிஃப்ட் ஸ்ப்ரிங் வாங்கிப் போட்டீங்கன்னா உயரமும் இருக்கும், சொகுசும் வரும்.

கேள்வி: நேரா அடிக்கல, ஆனா ஒரு பக்க சக்கரம் மட்டும் பள்ளத்துல இறங்கினா தலை ஜன்னல்ல போய் இடிக்குது.

பதில்: அது ஸ்டெபிலைசர் பார். ஒரு பக்கம் நடக்கறதை அடுத்த பக்கத்துக்குக் கடத்தறதுதான் அதோட வேலை. லிஃப்ட் போட்ட வண்டியில, பாரைச் சக்கரப் பக்கத்தோட சேர்க்கற லிங்க் நீளம் பத்தாம பாரே இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கலாம், அதுக்கு நீளமான லிங்க் போடுங்க. சாலிட் ஆக்சில் வண்டின்னா கழட்டி மாட்டற டிஸ்கனெக்ட் லிங்க் கிடைக்கும், மெதுவா போற காட்டுப் பாதையில கழட்டினா தலை ஆடறது குறையும். தார் ரோட்டுல ஏறறதுக்கு முன்னாடி இறங்கி, ரெண்டு பக்கமும் பின்னு மாட்டியிருக்கான்னு கையால இழுத்துப் பார்த்துட்டுத்தான் கிளம்பணும்.