வக்கீலுக்குப் படிச்சா சோறு கிடைக்குமான்னு கேட்ட அண்ணனுக்கு

போன வாரம் ஒரு குடும்பம் என்கிட்ட யோசனை கேட்டு வந்தாங்க. அப்பா, அம்மா, பொண்ணு, கூடவே பொண்ணோட தாய்மாமன். வக்கீலுக்குப் படிச்சா சோறு கிடைக்குமான்னு கேட்டது அப்பா, நான் அண்ணேன்னு கூப்பிடறது அவரைத்தான். பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சு ஒரு தடவை நீட் எழுதிருச்சு, மார்க் பத்தல. மாமா இன்னொரு வருஷம் கோச்சிங்ல போடணும்ங்கறாரு, பாதிப் பணம் நானே தர்றேன்னும் சொல்லிட்டாரு. பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டே "எனக்கு லா படிக்கணும்"னுச்சு. யாரைப் பாத்தும்மா இந்த ஆசைன்னு கேட்டேன், சுப்ரீம் கோர்ட் ஜட்ஜா இருந்த கிருஷ்ணய்யர் சார்னு சொல்லிச்சு. அம்மா அங்கயே அழுதுட்டாங்க, வக்கீல் பொண்ணை யாரு கட்டிக்குவான்னு.

முதல்ல நானும் எல்லாம் நல்லபடியா நடக்கும்னுதான் ஆரம்பிச்சேன். ஆனா அண்ணே, மாமா முன்னாடி பாதி விஷயத்தைச் சொல்ல முடியல, அதனால இப்ப எழுதுறேன். ரெண்டாவது வருஷ கோச்சிங் வேண்டாம். போன வருஷம் பூரா பயாலஜி புக்கைத் திறந்தாலே அவளுக்குத் தலைவலி வந்துச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க, அப்புறம் எதுக்கு அந்தப் புள்ளையை மறுபடியும் அதே ஹாஸ்டல்ல கொண்டுபோய் அடைக்கணும்?

அவ சொன்ன ஆளு யாருன்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க. வி.ஆர்.கிருஷ்ணய்யர் 1915ல பாலக்காட்டுப் பக்கம் பொறந்தவரு, நம்ம அண்ணாமலை யூனிவர்சிட்டியிலயும் சென்னை லா காலேஜ்லயும் படிச்சவரு. படிச்சு முடிச்சதும் தலச்சேரியில, ஒரு சின்ன ஊர் கோர்ட்டுலதான் வக்கீல் தொழில் பண்ணாரு, அங்க அவரு அப்பாவும் வக்கீல். கம்யூனிஸ்ட்காரங்களுக்கு சட்ட உதவி பண்ணாருன்னு 1948ல ஒரு மாசம் உள்ள வச்சாங்க. 1952ல கூத்துப்பறம்புல சுயேச்சையா ஜெயிச்சு மெட்ராஸ் சட்டசபைக்கு வந்தாரு, 1957ல கேரளாவுல முதல்வர் ஈ.எம்.எஸ். மந்திரிசபையில சட்டம், உள்துறையோட ஜெயிலும் அவரு கையில. ஜெயில்ல இருந்தவரு ஜெயில் மந்திரி ஆனாரு பாருங்க. 1959ல ஆட்சியைக் கலைச்சதும் மறுபடி கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குப் போயிட்டாரு. 1965 எலெக்‌ஷன்ல தோத்தாரு, அதுக்கு மூணு வருஷத்துல கேரளா ஹைகோர்ட் ஜட்ஜ், 1973ல சுப்ரீம் கோர்ட்.

அங்க உக்காந்து அவரு என்ன பண்ணாருன்னா, 1978ல மோத்திராம்னு ஒரு கொத்தனார் கேஸ், ஜாமீனுக்குப் பத்தாயிரம் ரூபா கேட்டிருக்காங்க, அவரு அண்ணன் தம்பி ஜாமீன் நிக்க வந்தா சொத்து வேற மாவட்டத்துல இருக்குன்னு மாஜிஸ்ட்ரேட் ஏத்துக்கல. கொத்தனாருக்குப் பத்தாயிரம் எங்கருந்து வரும்னு கேட்டு, அவரே எழுதிக் குடுக்கற சொந்த பாண்ட்ல ஆயிரம் ரூபாய்க்கு விட்டாரு கிருஷ்ணய்யர். திகார் ஜெயில்ல இருந்து ஒரு கைதி, இன்னொரு கைதியை சித்திரவதை பண்றாங்கன்னு எழுதின லெட்டரையே மனுவா எடுத்துக்கிட்டாங்க, அந்தத் தீர்ப்பை எழுதினதும் இவருதான். தலச்சேரி கோர்ட் வராந்தாவுல வழக்குக்காரங்களோட நின்ன ஆளுக்குத்தான் இது வரும்னு நான் நம்புறேன். இந்த எடத்துக்கெல்லாம் தனியா ஒரு கோர்ஸ் கிடையாதுண்ணே, கீழ் கோர்ட்டுல இருந்துதான் வழி.

கிளாட்ங்கற லா என்ட்ரன்ஸ், நேஷனல் லா யூனிவர்சிட்டி, கார்ப்பரேட் கம்பெனி வேலை பத்தியெல்லாம் யூடியூப்ல ஆயிரம் வீடியோ கிடக்கு, அத நான் தொடல. நான் சொல்றது யாரும் மதிக்காத ரூட், முன்சீப் கோர்ட், அதாவது சிவில் கேஸ் நடக்கற கீழ் கோர்ட்.

நம்ம ஊர் அரசு சட்டக் கல்லூரியில அஞ்சு வருஷ பி.ஏ. எல்.எல்.பி.க்கு என்ட்ரன்ஸ் கிடையாது, ப்ளஸ் டூ மார்க்தான். மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, தேனின்னு பல ஊர்ல காலேஜ் இருக்கு. அஞ்சு வருஷ ட்யூஷன் ஃபீஸ் பூராவும், நீங்க ஒரு வருஷக் கோச்சிங்குக்கும் ஹாஸ்டலுக்கும் எடுத்து வச்ச பணத்துல அடங்கிரும், மிச்சமும் வரும். அந்த மிச்சத்தைத் தொடாதீங்க, ஏன்னு பின்னாடி சொல்றேன். படிச்சு முடிச்சு வக்கீலா பார் கவுன்சில்ல பதிவு பண்ண முன்னாடி ஃபீஸ் கண்டபடி வாங்கிட்டிருந்தாங்க, 2024ல சுப்ரீம் கோர்ட் 750 ரூபாய்க்கு மேல வாங்கக் கூடாதுன்னுருச்சு, எஸ்.சி., எஸ்.டி.ன்னா 125. அப்புறம் ஆல் இந்தியா பார் எக்ஸாம் ஒண்ணு பாஸ் பண்ணணும், அவ்வளவுதான்.

அடுத்து சிவில் ஜட்ஜ் பரீட்சை, கீழ் கோர்ட்டு ஜட்ஜ் ஆகறதுக்கு எழுதறது. 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிருச்சுன்னா, இனிமே காலேஜ்ல இருந்து நேரா அந்தப் பரீட்சைக்குப் போக முடியாது, குறைஞ்சது மூணு வருஷம் வக்கீலா வேலை பாத்திருக்கணும்னு. நிறைய பேரு இத நஷ்டம்ங்கறாங்க, உங்க பொண்ணுக்கு இது லாபம். ஏன்னா அவ எப்படியும் கோர்ட்டுலதான் நிக்கப் போறா. தமிழ்நாட்டுப் பரீட்சையில மொழிபெயர்ப்புக்குன்னே தனிப் பேப்பர் இருக்கு, கீழ் கோர்ட்டுல சாட்சி தமிழ்லதான் சொல்லுவாங்க, தமிழ் மீடியம்னு நீங்க வெக்கப்பட்டதுதான் அவளுக்குக் கை கொடுக்கப் போவுது.

நான் சொல்லி அவ ஒரு நாள் கோர்ட்டுல போய் உக்காந்துட்டு வந்தாளே, உங்களுக்குத் தெரியும். வந்து என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா, ஒரு பாட்டி கூண்டுல நின்னு "கெணத்து மேட்டுக்குக் கெழக்க, எங்க மாமனாரு வச்ச புளியமரம் வரைக்கும்"னு சொல்லிச்சாம், எதிர்த்தரப்பு வக்கீல் சர்வே நம்பரைக் கேட்டு மடக்கினாராம், பாட்டி முழிச்சிச்சாம். "சார், அந்தப் பாட்டிக்கு நெலம் தெரியும், நம்பர்தான் தெரியல, அத யாராச்சும் முன்னாடியே வரைபடத்தை வச்சு சொல்லிக் குடுத்திருக்கணும்ல"ன்னா. பத்தொம்பது வயசுப் புள்ள இது. நீட் புக்கு பத்தி ஒரு நாளாச்சும் இப்படிப் பேசிருக்காளா?

இப்ப பணம். மறைக்கப் போறதில்ல, ஒரு சீனியர் வக்கீல்கிட்ட ஜூனியரா இருக்கற காலம் கஷ்டம். 2024ல மெட்ராஸ் ஹைகோர்ட், ஜூனியருக்கு மாசம் சென்னை, மதுரை, கோவைன்னா 20,000, மத்த ஊர்ல 15,000 குடுக்கணும்னு சொல்லிருக்கு. ஆனா பஸ் காசு மட்டும் குடுக்கற சீனியரை நானே பாத்திருக்கேன். அதுக்குத்தான் அந்த மிச்சப் பணம். அவ பேர்ல டெபாசிட் போட்டு, கோர்ட்டுக்குப் போற முதல் மூணு வருஷம் மட்டும் எடுங்க. கோச்சிங்ல போட்டா ஒரு வருஷத்துல கரைஞ்சிரும். இதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேண்ணே, கடன் வாங்கி தனியார் லா காலேஜ்னு யாராச்சும் கெளப்பினாலும் வேண்டாம்.

ஜட்ஜ் ஆகலன்னா? சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமா, வக்கீல் வைக்க வசதியில்லாதவங்களோட கிரிமினல் கேஸை நடத்த முழுநேர வக்கீல்களை மாவட்டத்துல எடுக்கறாங்க, மாசச் சம்பளம், அனுபவம் கம்மியா இருக்கறவங்களுக்கும் அதுல எடம் உண்டு. இல்ல, எட்டு பத்து வருஷம் கழிச்சு அரசியல்தான்னு நின்னாலும் நிக்கட்டும், எம்.எல்.ஏ. ஆனாலும் வக்கீல் தொழில் பண்ணலாம்னு 2018லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. ஜட்ஜ் ஆனா மட்டும் கட்சி கிட்சியெல்லாம் விட்டுறணும்.

அக்காகிட்ட ஒண்ணு சொல்லிருங்க. கல்யாணத்தைப் பத்தி அவங்க அழுதப்ப நான் எதிர்த்துப் பேசல, ஆனா அந்தப் பேச்சு நடந்த பத்து நிமிஷமும் அந்தப் புள்ள நிமிரவே இல்ல. இனிமே அத அவ முன்னாடி பேச வேண்டாம்.

மாமா போன் நம்பரை அனுப்புங்க, அவருகிட்ட நான் பேசறேன். நீங்க ரிசல்ட் மார்க் ஷீட்டையும் ஜாதிச் சான்றிதழையும் எடுத்து வச்சிருங்க, அப்ளிகேஷன் வந்ததும் பாப்பாவையே கூட உக்கார வச்சு அவ கையாலயே ஃபில் பண்ணச் சொல்லுங்க.