வெட்டினால் புதராகும் மஞ்சள் பூ மரம்

கேள்வி: கூடலூர் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்து வேலியோரம் 'கொன்றை' என்று வாங்கி நட்ட மரங்கள் மளமளவென்று வளர்ந்துவிட்டன. போன வருடம் இரண்டை வெட்டினோம். இப்போது அடிக்கட்டை முழுக்கத் துளிர். மண்ணெண்ணெய் ஊற்றலாமா?

பதில்: மண்ணெண்ணெய் வேண்டாம், மண்தான் கெடும். முதலில் பூங்கொத்தைப் பாருங்கள். சரக்கொன்றையில் அது சரமாகக் கீழே தொங்கும். கோடையில் இலை உதிர்ந்த மரத்தில் பூக்கும். உங்களுடையது மழைக்காலத்தை ஒட்டி, இலைகளோடு, கிளை நுனியில் நிமிர்ந்த கொத்தாகப் பூக்கிறதா? அப்படியானால் சென்னா ஸ்பெக்டபிலிஸாக இருக்க வாய்ப்பு அதிகம். சாலையோரங்களில் நிற்கும் இன்னொரு மஞ்சள் கொன்றையும் (சென்னா சியாமியா) கொத்து நிமிர்ந்துதான் பூக்கும். ஆனால் அதன் காய் தட்டை, ஸ்பெக்டபிலிஸின் காய் நீண்ட உருளை வடிவம். ஆகவே காயைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

ஸ்பெக்டபிலிஸ் வெப்பமண்டல அமெரிக்க மரம். அழகுக்காக வந்தது, இன்று முதுமலையிலும் வயநாட்டிலும் காட்டுக்குள் பரவிக் கிடக்கிறது. வெட்டுவதுதான் இதற்கு நாம் செய்யும் பெரிய உதவி. ஒரு தண்டு போன இடத்தில் பத்துத் துளிர் வரும்.

நின்ற நிலையிலேயே பட்டையை உரிப்பதுதான் வழி. தரையிலிருந்து நெஞ்சுயரம் வரை, சுற்றிலும், உள்ளே வழவழப்பாக இருக்கும் படலத்தையும் சேர்த்துச் சுரண்டி எடுக்க வேண்டும். அடியில் மண்ணை விலக்கி, வேர் தொடங்கும் இடத்திலும் உரியுங்கள். விரல் அகலத்துக்குப் பட்டை மிஞ்சினாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். மழைக்குப் பின் பட்டை இளகியிருக்கும், வேலை சுலபம். மரம் காய மாதங்கள் ஆகும். அதுவரை அடியில் வரும் துளிர்களைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வெட்டிய இரண்டு கட்டைகளையும் வேரோடு தோண்டி எடுப்பதே நல்லது.

காய் முற்றுவதற்கு முன் தொடங்குங்கள். மண்ணில் ஏற்கெனவே விழுந்த விதை சில வருடங்களுக்கு முளைத்துக்கொண்டிருக்கும். மழை விட்டதும் ஈர மண்ணில் கன்றுகளைக் கையால் பிடுங்கிவிடலாம்.

அப்புறம் ஒன்று: நீலகிரியில் சொந்த நிலத்து மரமானாலும் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். பட்டை உரிப்பதும் மரத்தை அழிப்பதுதான். அதனால் கத்தியை எடுக்கும் முன் ஒரு பூங்கொத்தும் காயும் எடுத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குப் போய்வாருங்கள். மரம் எது என்பதையும் அங்கேயே உறுதி செய்துகொள்ளலாம்.