ஒரு தாய் நாற்று

அன்புள்ள ஐயா,

வால்பாறையில் தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கும் சோலைகளைப் பார்த்தேன். காடு துண்டானால் மகரந்தம் போகாது, மரபுவளம் (மரத்துக்கு மரம் பரம்பரைக் குணம் வேறுபட்டிருப்பது) குறையும் என்கிறார்கள். தேனீ பறந்து போகாதா? பெரிய மரங்கள் நன்றாகத்தானே இருக்கின்றன? நாங்களும் ஊரில் மரம் நடுகிறோம். எங்கள் கோயில் இலுப்பை ஒன்றிலேயே விதை பொறுக்கி ஆயிரக்கணக்கில் நாற்று போட்டிருக்கிறோம், ஏரிக்கரையில் நடப்போகிறோம். படம் இணைத்துள்ளேன்.

ஒரு வாசகர், காங்கேயம்

அன்புள்ள தம்பி,

மகரந்தம் போகும். சுமப்பது யார் என்பதைப் பொறுத்தது. நமீபியாவில் அத்திக்குளவிகள் 160 கி.மீ. வரை கொண்டுபோனதை 2009இல் கண்டிருக்கிறார்கள். எல்லாப் பூச்சிக்கும் அது கைவராது. பெரிய மரங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். அவற்றில் பல, தேயிலை வருமுன் முளைத்தவை. குனிந்து கன்றுகளைப் பாருங்கள், குறைவது அங்கேதான்.

கோஸ்டாரிகாவில் நடந்த ஓர் ஆய்வு 1998இல் வெளிவந்தது. மேய்ச்சல் நிலத்தில் தனித்து நின்ற சில மரங்களின் பிள்ளைகளே பக்கத்துக் காட்டுத் துண்டுகளில் பெரும்பாலும் முளைத்திருந்தன. தன் மகரந்தமே தன் பூவில் சேரும் தன்மகரந்தச் சேர்க்கையும் அந்த மரங்களில் கூடுதல். வெளியே பார்த்தால் காடு செழிப்பு, உள்ளே தாய்கள் நாலைந்து.

அதையேதான் நீங்கள் கைப்பட செய்திருக்கிறீர்கள்! போன வாரம்கூட ஒரு நர்சரியில் இதற்காகச் சண்டை போட்டு வந்தேன். கூட்டம் (குலம்) பார்த்துப் பெண் எடுக்கிற ஊர் நம்முடையது. பங்காளி வீட்டில் சம்பந்தம் பேசினால் ஊரே சிரிக்கும். மரத்துக்கு மட்டும் ஆயிரம் பங்காளிகளை ஒரே ஏரிக்கரையில் நடப்போவதாக பேனர் பிடித்துப் படம் எடுக்கிறீர்கள். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அவை பூக்கும். இரவில் பூத் தின்ன வரும் வௌவால், அண்ணன் மரத்து மகரந்தத்தைத் தங்கைக்குத்தான் கொண்டுபோகும். பிறகு காய் பிடிக்கவில்லை, விதை பொக்கு, கன்று நோஞ்சான் என்று எனக்கே கடிதம் எழுதுவீர்கள்.

எங்கள் அப்பாரு (தாத்தா) கொறங்காட்டுக்கு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்துக்கு, வெள்வேல மர விதையை மரத்தில் பறித்ததே இல்லை. மேய்ந்து வந்த ஆடுகள் ராத்திரி பட்டியில் போடும் புழுக்கையைக் கூட்டி அள்ளுவார். கையால் நொறுக்கினால் உள்ளே பழுப்பு விதை மினுங்கும். ஆட்டு வயிற்றில் ஊறியது நன்றாக முளைக்கும் என்பதுதான் அவர் கணக்கு. ஆனால் ஆடு ஒரு மரத்தடியில் நிற்குமா? சுற்றுவட்டாரத்து வேல மரங்களெல்லாம் அந்தக் கூடையில் கலந்திருக்கும். (கிளுவை வேலியைக் கேட்காதீர்கள். அது போத்து (கிளை) வெட்டி ஊன்றியது, வேலி நெடுக ஒரே மரமாகக்கூட இருக்கலாம்.)

இலுப்பை விதை நாள்பட்டால் முளைக்காது, அதனால் பக்கத்து மரமே வசதி என்பீர்கள். பைக் இருக்கிறதல்லவா? வெள்ளகோவில், தாராபுரம், கொடுமுடி என்று சுற்றி, ஊருக்கு ஒரு மரமாகப் பொறுக்குங்கள். மரத்துக்கு ஒரு பை, எல்லாவற்றிலும் ஒரே அளவு. நாற்று போடும்போது கலந்துகொள்ளலாம். இப்போது கையில் இருப்பதை வீணாக்க வேண்டாம். ஏரிக்கரையில் ஒன்றிரண்டு மட்டும் வைத்துவிட்டு, மற்றதை இலுப்பை இருக்கும் வேறு ஊர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள்.